ஏலத்தோட்டத்து மருந்து வீட்டுக்கு வரும் வழி

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. கம்பத்திலிருந்து ஜீப்பில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காட்டு வேலைக்குப் போகிறார். மருந்தடிக்கிற நாட்களில் வீட்டுக்கு வந்ததும் தலைவலி, கண் மங்கல், குமட்டல். லீவு விட்டால் சரியாகிவிடுகிறது. தோட்டத்திலிருந்து கொண்டுவந்த ஒரு காலி டின்னை, குளியலறையில் தண்ணீர் மொள்ள வைத்திருக்கிறார். அதில் குளோர்பைரிபாஸ் 20 இசி என்று போட்டிருக்கிறது. எனக்கு 5 மாதம். பிரசவம் வரை அம்மா வீட்டில்தான் இருப்பேன். பயப்பட வேண்டுமா? குழந்தை பிறந்த பிறகு அம்மா தூக்கலாமா?

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த டின். மீதியை அப்புறம் படிக்கலாம், இப்போதே அதைக் குளியலறையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் தொட வேண்டாம். வேறு யாராவது கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு எடுத்து, ஆணியால் நாலு ஓட்டை போட்டு, மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆக்கி, தோட்டத்துக்கே திருப்பி அனுப்புங்கள். எரிக்க வேண்டாம், புகையும் விஷம்.

ஒரு காலி டின்னுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 இசி என்றால் நூறு பங்கில் 20 பங்கு குளோர்பைரிபாஸ், மீதி அதைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெய் மாதிரியான திரவமும், தண்ணீரில் பால் போலக் கலக்க வைக்கும் சோப்பு மாதிரிப் பொருளும். அலசாத டின்னின் மூலையிலும் மூடியின் மரையிலும் 5 மில்லி ஒட்டியிருந்தால், அதற்குள் ஏறக்குறைய 1 கிராம் மருந்து இருக்கிறது. ஐ.நா. உணவு அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 1999-இல் சொன்ன கணக்குப்படி, ஆயுள் முழுக்கத் தினமும் உடலுக்குள் போகலாம் என்று ஏற்றுக்கொண்ட அளவு, கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம். அப்படியென்றால் அந்த 5 மில்லியில் இருப்பது 2000 நாளைய அளவு. அந்த 1999 அளவே கூடுதல் என்று சொல்பவர்கள் இன்று இருக்கிறார்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் விவசாயம் படித்துவிட்டுக் கம்பத்தில் 19 வருஷம் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவன். மருத்துவன் அல்ல. ஆனால் இந்த மருந்தைக் கை நீட்டிக் கொடுத்த எனக்கு, அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் கடமை இருந்தது. அந்தக் கடமை எனக்கு உறைத்தது ஒரு சாயங்காலம். கேரள எல்லை மலைப்பாதையான கம்பம்மெட்டு இறங்கி வந்த ஜீப் கடை முன்னால் நின்றது. புடவைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் இறங்கினார். அவருடைய மாமியார் கைக்குழந்தையோடு அங்கேயே காத்திருந்தார். குழந்தை அழுதது. இவர் திண்ணையில் உட்கார்ந்து அப்படியே வாங்கி மடியில் போட்டுப் பால் கொடுத்தார். சட்டையின் முழங்கையிலும் இடுப்புப் பக்கமும் மருந்து காய்ந்த வெள்ளைத் தடம். குழந்தையின் கன்னம் அந்தத் தடத்தின் மேலேயே இருந்தது. மண்ணெண்ணெயும் அழுகின முட்டையும் கலந்த அந்த வாடை, கல்லாவில் உட்கார்ந்திருந்த என் மூக்கு வரை வந்தது. எனக்குப் பழகின வாடை அது. அன்றைக்குத்தான் அது எனக்குப் பிடிக்காமல் போனது.

உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதில்தான் இருக்கிறது. நம் ஊரில் பூச்சிமருந்து என்றால் குடித்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். உங்கள் அம்மா விஷயத்தில் அது வருகிற வழி வேறு: நனைந்த சட்டை, துண்டு, நகக்கண், தலைமுடி, ஜீப் சீட்டு, வீட்டுக் கொடிக்கயிறு. தோல் வழியாக உள்ளே போவது மேலே பட்டதில் சிறு பங்குதான். ஆனால் அதே சட்டை எட்டு மணி நேரம் உடம்போடு ஒட்டியிருக்கிறது. வியர்வையும் சூடும் சேர்ந்தால் இன்னும் கூடுதலாக இழுக்கும்.

சரி, உள்ளே போய் என்ன செய்கிறது? நரம்பு தசைக்கு ஒரு வேலையைச் சொல்ல அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை விடுகிறது. செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை உடைத்துத் துடைக்க அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்று ஒரு நொதி உண்டு. குளோர்பைரிபாஸை நம் கல்லீரல் ஆக்சான் என்ற, இன்னும் கடுமையான பொருளாக மாற்றுகிறது. ஆக்சான் போய் அந்த நொதியை முடக்குகிறது. துடைக்க ஆள் இல்லாமல் செய்தி திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் எச்சில் ஊறுகிறது, வியர்க்கிறது, கண்மணி சுருங்கிப் பார்வை மங்குகிறது, வயிறு புரட்டுகிறது, தசை துடிக்கிறது. பூச்சி சாவதும் இதே வழியில்தான். அதற்கும் நமக்கும் அந்த நொதி பொது.

அம்மா சொல்கிற தலைவலி, கண் மங்கல், குமட்டல் மூன்றும் இதற்குப் பொருந்துகின்றன. மருந்தடிக்கிற நாளில் வந்து லீவில் போய்விடுகிறது என்பது இன்னும் வலுவான தடயம். ஆனால் 52 வயதில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கண் பவர் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். ‘காட்டு வேலைன்னா அப்படித்தான்’ என்று அம்மா சொல்வார். அந்தத் தோட்டப் பெண்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தை அது, நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. மங்கல், தலைவலி மறுநாள் போய்விட்டால் மருந்தும் போய்விட்டது என்று நினைக்கிறோம். ரத்தச் சிவப்பணுவில் முடங்கின நொதி, புதிய சிவப்பணு உருவாகிற வேகத்தில்தான் திரும்பி வருகிறது. நாளைக்கு ஏறக்குறைய 1 சதவீதம். இன்று 10 சதவீதம் முடங்கினால் அது சரியாகப் பத்து நாள் ஆகும். அதற்குள் அடுத்த மருந்தடி வந்துவிட்டால், பள்ளம் மூடுவதற்கு முன் மறுபடி தோண்டுகிற கதைதான். தொந்தரவு தெரியாமலேயே அளவு இறங்கிக்கொண்டு போகும். ஒரு நாள் வழக்கமான அளவு பட்டாலே ஆளைச் சாய்த்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கோலினெஸ்டரேஸ் என்று கேட்டால் பெரிய லேப்களில் எடுப்பார்கள். ஒரே ஒரு முறை எடுத்து ‘நார்மல்’ என்று வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். இந்த அளவு ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும். உங்கள் அம்மாவின் இயல்பான அளவு மேல் விளிம்பில் இருந்தால், மூன்றில் ஒரு பங்கு குறைந்த பிறகும் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றுதான் காட்டும். எனவே மருந்து படாமல் ஒன்றிரண்டு மாதம் இடைவெளி கிடைக்கும்போது ஒரு முறை, மருந்தடித்த மறுநாள் ஒரு முறை எடுத்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சிவப்பணு நொதி அவரவர் சொந்த அளவிலிருந்து 30 சதவீதம் இறங்கினால் அந்த வேலையிலிருந்து ஆளை விலக்கியாக வேண்டும் என்பது சட்டம்.

அது அமெரிக்கா, நமக்கு எங்கே என்று நினைக்காதீர்கள். நம்முடைய 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது: மருந்து தெளிக்கிற வேலையில் இருப்பவரை வேலைக்கு முன்பும், பிறகு வருஷத்துக்கு ஒரு முறையும் மருத்துவர் பார்க்க வேண்டும். குளோர்பைரிபாஸ் மாதிரியான பாஸ்பரஸ் வகை மருந்தென்றால் மாதம் ஒரு முறை ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளக்க வேண்டும். 50 வருஷத்துக்கு மேல் ஆன விதி. என் 19 வருஷத்தில், இந்தச் சோதனைக்கு அனுப்பப்பட்ட ஒரு தொழிலாளியைக்கூட நான் சந்தித்ததில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

இனி உங்கள் வயிற்றில் இருக்கும் குழந்தை. குளோர்பைரிபாஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகிறது. ஆக்சானை உடைக்க பாராக்சோனேஸ் என்று உடலில் இன்னொரு நொதி உண்டு, பிறந்த குழந்தைக்கு அது பெரியவர்களைவிட மிகக் குறைவு. மூளை உருவாகிற நேரமும் இதுதான்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வை அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தாய்மார்கள் வயல் பக்கம் போனவர்களே அல்ல. நகரத்து அடுக்குமாடி வீட்டில் கரப்பான் பூச்சிக்கு அடித்த மருந்துதான். பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தில் குளோர்பைரிபாஸ் எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளை வருஷக்கணக்கில் தொடர்ந்தார்கள். அளவு கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்கு 3 வயதில் வளர்ச்சி பின்தங்கியிருந்தது. 7 வயதில் நினைவாற்றல் தேர்விலும் நுண்ணறிவுத் தேர்விலும் மதிப்பெண் குறைந்தது, இது 2011-இல் வெளியானது. 2012-இல் 40 பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில் அமைப்பிலேயே வேறுபாடு தெரிந்தது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், விவசாயக் கூலிக் குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வு இந்த வகை மருந்துகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது. தாயின் சிறுநீரில் மருந்தின் மிச்சம் மிக அதிகமாக இருந்த பிரிவின் பிள்ளைகளுக்கும் மிகக் குறைவாக இருந்த பிரிவின் பிள்ளைகளுக்கும் 7 வயதில் நுண்ணறிவுத் தேர்வில் 7 புள்ளி வித்தியாசம், மருந்து கூடுதலாக இருந்த பக்கம்தான் குறைவு.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இவை கூட்டத்தின் சராசரி. ஒரு குழந்தையைக் காட்டி ‘இது மருந்தால்தான்’ என்று யாராலும் சொல்ல முடியாது. கொலம்பியா ஆய்வின் மூலத் தரவுகளைத் தரவில்லை என்று பெரிய சண்டையே நடந்தது. ஆனால் அதே ஆய்வில் எனக்கு நம்பிக்கை தருகிற பகுதி ஒன்று உண்டு. 2000-இல் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்திலிருந்து இந்த மருந்தை விலக்க ஒப்பந்தம் ஆயிற்று. அதற்கு முன் பிறந்த குழந்தைகளிடம், தொப்புள்கொடியில் மருந்து கூடக்கூட எடை குறைந்தது. அதற்குப் பிறகு பிறந்தவர்களின் ரத்தத்தில் அளவு மளமளவென இறங்கியது, எடையோடு இருந்த அந்தத் தொடர்பும் காணாமல் போனது. அதாவது, வருகிற வழியை அடைத்தால் பலன் சீக்கிரமே தெரிகிறது. உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

டின்னில் மஞ்சள் முக்கோணம் போட்டிருக்குமே, சிவப்பு இல்லையே என்று தோட்டத்தில் யாராவது சொல்லலாம். என்னிடமும் பலர் சொன்னார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லித்தான் விற்றேன். நம் நாட்டு முக்கோண நிறம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறது: எலிக்கு எவ்வளவு கொடுத்தால் உடனே சாகும் என்பதை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் என்ன ஆகும், கருவின் மூளைக்கு என்ன ஆகும் என்பதற்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. கேரளம் 2011-இல் பியூரடான், போரேட், மோனோகுரோட்டோபாஸ் மாதிரியான கடும் மருந்துகளைத் தடை செய்தபோதும், மஞ்சள் முக்கோணத்துக் குளோர்பைரிபாஸ் கடையிலேயே இருந்தது. (அந்தத் தடைக்குப் பிறகு, மேலே கிடைக்காததைக் கீழே கம்பத்தில் கேட்டு வந்தவர்கள் உண்டு. மெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். ஜீப்புக்கு இரண்டும் ஒன்றுதான்.)

உலகத்தில் நிலைமை வேகமாக மாறுகிறது. 2019-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்த மருந்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் நிர்ணயிக்க முடியாது என்றது. மேலே சொன்ன 1999 அளவின் மேல் எனக்கு நம்பிக்கை போனது அதனால்தான். 2020-இல் அங்கே அனுமதி முடிந்தது. அமெரிக்கா 2021-இல் உணவுப் பயிர்களில் நிறுத்தியது, 2023-இல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, அங்கே இன்னும் இழுபறி. 2025 மே மாதம், அழியாமல் தங்கும் நச்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில், சில விதிவிலக்குகளோடு, உலக அளவில் ஒழிக்க வேண்டியது என்று சேர்த்துவிட்டார்கள். இந்தியாவில் 2020-இல் 27 மருந்துகளுக்குத் தடை என்று வரைவு வந்தபோது இதுவும் அதில் இருந்தது. 2023-இல் இறுதி உத்தரவு வந்தபோது முழுத் தடை சிலவற்றுக்கு மட்டும்தான். குளோர்பைரிபாஸ் தப்பிவிட்டது.

எனவே நீங்களாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அம்மா வந்ததும் வாசலிலேயே, அல்லது பின்பக்கம் ஒரு மறைப்பு கட்டி, வேலைச் சட்டை, துண்டு, இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் ஷீட் எல்லாவற்றையும் கழற்றித் தனி வாளியில் போடட்டும். வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். உடனே சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், தலைக்கும் சேர்த்து. வெறும் தண்ணீருக்கு இது போகாது, எண்ணெய்ப் பசை உள்ள மருந்து. காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு, நகக்கண் எல்லாம் தேய்க்கச் சொல்லுங்கள். டீ, பலகாரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். வேலைத் துணியைத் தனியாக, சோப்புத் தூளோடு சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். அதை நீங்கள் துவைக்கக் கூடாது. உங்கள் துணியோடும், பிறகு குழந்தைத் துணியோடும் அது சேரவே கூடாது. இன்னொன்று, வீட்டில் கரையான் மருந்து அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் இந்த வருஷம் வேண்டாம். அதற்கும் பெரும்பாலும் இதே குளோர்பைரிபாஸைத்தான் அடிப்பார்கள்.

தோட்டத்தில் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். காய் எடுக்கிறாரா, ஓஸ் இழுத்துக் கொடுக்கிறாரா, டிரம்மில் மருந்து கலக்கிறாரா? மூன்றும் ஒன்றல்ல. 200 லிட்டர் டிரம்முக்கு அரை லிட்டர் மருந்து என்று கலந்தால், டின்னில் இருப்பது டிரம்மில் இருப்பதைவிட 400 மடங்கு கெட்டி. கலக்கும்போது கையில் தெறிக்கிற 1 மில்லி, ஓஸிலிருந்து 400 மில்லி மேலே ஊற்றினதற்குச் சமம். கலக்கிற வேலையை அம்மா செய்வதாக இருந்தால், கங்காணியிடம் சொல்லி முதலில் அதை மாற்றுங்கள். காய் எடுப்பு என்றால், மருந்தடித்த இடத்தில் குறைந்தது மறுநாள் வரை இறங்கக் கூடாது. அமெரிக்க லேபிளில் பெரும்பாலான பயிருக்கு 24 மணி நேரம். ஏலக்காடு நிழலும் மூடுபனியுமாக, இலை காயாமல் இருக்கிற இடம். அங்கே இரண்டு மூன்று நாள் விடுவதே நல்லது என்பது என் கருத்து. குனிந்து சரத்தைப் பிரித்துக் காய் எடுக்கிறவருக்கு, இலையில் இருக்கிற ஈரம் முழுவதும் முகத்திலும் கழுத்திலும்தான் விழும்.

முதலாளிகளும் வேண்டுமென்றே விஷத்தை ஊற்றவில்லை. 2019 ஆகஸ்டில் ஏலம் கிலோ 7000 ரூபாய் தொட்டதைப் பார்த்தவர்கள், ஒரு சரம்கூடப் பூச்சிக்குப் போகக் கூடாது என்று நாள் கணக்கு வைத்து அடிக்கிறார்கள். ஆனால் அதே மருந்துதான் அவர்களுக்கும் வினை ஆனது. 2023 ஜனவரியில், ஏலக்காயில் மருந்து மிச்சம் இருந்தது என்று சபரிமலை அரவணை 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் விற்காமல் முடங்கியது ஞாபகம் இருக்கும். வேர்ப்புழுவுக்குத்தான் ஏலத்தில் குளோர்பைரிபாஸை மண்ணில் ஊற்றுகிறார்கள். அந்தப் புழுவைத் தின்னும் நூற்புழுக்கள் இருக்கின்றன, தாய் வண்டுகளை வலை வைத்துப் பிடிக்கும் முறையும் இருக்கிறது. மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லித் தருகிறார்கள். உங்கள் தோட்டத்துக்காரர் கேட்கிற மனிதராக இருந்தால் இதையும் காதில் போட்டு வையுங்கள்.

ஒரு நாள் அம்மா வரும்போது வாயில் எச்சில் ஒழுகினாலோ, மூச்சு இழுத்தாலோ, கை கால் தசை துடித்தாலோ, பேச்சு குழறினாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது. சட்டையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் கழுவிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். டின் லேபிளின் போட்டோவை இப்போதே போனில் வைத்துக்கொள்ளுங்கள். சில டின்களில் சைபர்மெத்ரின் மாதிரி இன்னொரு மருந்தும் கலந்திருக்கும், மருத்துவர் அதைப் பார்க்க வேண்டும். அட்ரோபின் ஊசி எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் இருக்கும். டெல்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையம் 1800 116 117, எந்த நேரமும் பேசலாம். இந்த மருந்து கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியே வரும், அதனால் தெளிந்தது போல் இருந்தாலும் ஆஸ்பத்திரியிலிருந்து அவசரப்பட்டுக் கூட்டிவரக் கூடாது. உங்களைப் பார்க்கிற டாக்டரிடமும் அடுத்த செக்கப்பில் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுங்கள்.

குழந்தையை அம்மா தூக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தூக்கட்டும். குளித்து, தலை துவட்டி, வீட்டுப் புடவை மாற்றின பிறகு. அந்தப் புடவை வேலைத் துணி கிடக்கிற கொடியில் காயாமல், உள்ளே வேறு கொடியில் காயட்டும். இப்போதே அந்த இரண்டாவது கயிற்றைக் கட்டிவிடுங்கள்.